டிராஃப்டிங் பேப்பர்ல ரெக்கார்டு முடிச்சாச்சு, ஆனா நிஜமா ஒரு பிராது, அதான் வாதி கோர்ட்ல குடுக்கிற வழக்கு மனு, எழுத எப்படி கத்துக்கிறது?

கடைசிவருச_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வருச சட்டப்படிப்புல கடைசி வருசம், இப்ப டிபிசி பேப்பர் ஓடிட்டிருக்கு, டிராஃப்டிங் பிளீடிங் கன்வேயன்சிங், அதாவது கோர்ட் மனுவும் சொத்துப் பத்திரமும் எழுதப் பழகுறது. பார் கவுன்சிலோட 2008 சட்டக்கல்வி விதிகள்ல இது கட்டாய கிளினிக்கல் பேப்பர், அதாவது செய்முறைப் பேப்பர், குறைஞ்சது 15 டிராஃப்டிங் பயிற்சி அதுக்கு 45 மார்க், 15 கன்வேயன்சிங் பயிற்சி அதுக்கு இன்னொரு 45, வைவாவுக்கு 10, பிராக்டிஸ் பண்ற வக்கீல் இல்ல ரிட்டயர்டு ஜட்ஜ் உதவியோட சொல்லிக்குடுக்கிறது நல்லதுன்னு கூட அதுலயே இருக்கு. எங்க காலேஜ்ல நடக்குறது வேற. சீனியர் ரெக்கார்டு ஒண்ணு வரும், அதுல வாதி பேரையும் பிரதிவாதி பேரையும் மாத்திட்டு மிச்சத்தை அப்படியே எழுதி குடுத்தா கையெழுத்து விழுந்துடும். 30 டிராஃப்ட் என் நோட்ல இருக்கு, ஒரு வரி ஏன் அங்க இருக்குன்னு கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது, ஏன்னா அந்தக் கேள்வியை யாருமே கேக்கல.

எனக்கு ரெண்டு விசயம் தெரியணும். டிராஃப்டிங்கை காலேஜ்ல இருக்கும்போதே ஒழுங்கா கத்துக்க வழி இருக்கா? ரெண்டாவது, கோர்ட் பேப்பர் மட்டும் இல்லாம சட்டமே எழுதுறது, மசோதா விதிகள் எல்லாம், அதுல எனக்கு ரொம்ப ஆசை. அதுக்கு எங்க ஆரம்பிக்கணும்?

கோர்ட்வாசல்:
தங்கச்சி, நேரா சொல்றேன், காலேஜ்ல இது வராது. என்ரோல் பண்ணிட்டு ஒரு நல்ல சிவில் சீனியர் ஆபீஸ்ல உக்காரு, அவர் சொல்ல சொல்ல எழுது, தானா வரும். நாங்க எல்லாம் அப்படித்தான் வந்தோம். இப்ப பரீட்சைக்கு படிச்சு பாஸ் பண்ற வழியைப் பாரு.

முன்சிப்கோர்ட்_ஜூனியர்:
கோர்ட்வாசல் அண்ணா சொல்றதுல பாதி சரி. ஆனா எல்லாருக்கும் சொல்லிக்குடுக்குற சீனியர் அமையிறதில்ல, நிறைய ஆபீஸ்ல பழைய ஃபைல எடுத்து "இதே மாதிரி போடு"ன்னுதான் சொல்வாங்க, அப்ப அதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டுதான். அடிப்படை தெரிஞ்சு போனா சீனியர் திருத்துறது புரியும், தெரியாம போனா திருத்தினதை டைப் மட்டும்தான் அடிக்க முடியும்.

நீங்க ஒண்ணு பண்ணுங்கம்மா. உங்க ரெக்கார்டுல உறுத்துக்கட்டளை வழக்கு, அதான் இன்ஜங்ஷன் சூட், கண்டிப்பா இருக்கும். அதுல வழக்கெழு மூலத்துக்கு (வழக்கு போடக் காரணமான சம்பவத்தைச் சொல்ற பாரா) முன்னாடி பிரதிவாதி என்ன பண்ணாருன்னு சொல்ற பாரா இருக்கும்ல, அதை இங்க போடுங்க. அதை வச்சே பேசலாம்.

கடைசிவருச_மாணவி:
நன்றி அண்ணா. நோட்ல இருக்கிறது இதுதான்:

"பிரதிவாதி பணபலமும் ஆள்பலமும் படைத்தவர். சட்டத்தை மதிக்காதவர். தாவா சொத்தில் யாதொரு உரிமையும் இல்லாத பிரதிவாதி வாதியின் அமைதியான அனுபவத்துக்கு அடிக்கடி இடையூறு செய்து வருகிறார். ஆகவே வேறு வழியின்றி வாதி இவ்வழக்கைத் தாக்கல் செய்ய நேரிட்டது."

முன்சிப்கோர்ட்_ஜூனியர்:
எதிர்பார்த்ததுதான், இந்த பாரா தமிழ்நாட்டுல எல்லா முன்சிப் கோர்ட்லயும் இருக்கு. இப்ப நீங்க ஜட்ஜ் சீட்ல உக்காந்து படிங்க. பிரதிவாதி என்ன பண்ணாரு? தெரியாது. எப்ப? தெரியாது. பணபலம் இருக்கிறதுக்கும் இடைக்காலத் தடை குடுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்ல. நாலு வாக்கியம், ஒரு சங்கதி கூட இல்ல. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 6 விதி 2 கேக்குறது முக்கியமான சங்கதிகளை, சுருக்கமா, சாட்சியத்தை இல்ல. இங்க சங்கதியும் இல்ல சாட்சியமும் இல்ல, வசவு மட்டும் இருக்கு.

இன்ஜங்ஷனுக்கு என்ன வேணும்? வழக்கு போடுற அன்னிக்கு சொத்து வாதி அனுபவத்துல இருக்கணும், அந்த அனுபவத்துக்கு நிஜமான மிரட்டல் இருக்கணும். அந்த ரெண்டையும்தான் பாரா சொல்லணும். ஒரு கற்பனை சங்கதி வச்சு எழுதிக் காட்டுறேன்:

"வாதி தாவா சொத்தை 2009-ம் வருடம் பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரம் மூலம் வாங்கி அன்று முதல் பயிர் செய்து அனுபவித்து வருகிறார். பட்டா வாதி பெயரில் உள்ளது. தாவா சொத்தின் வடபுறத்தில் பிரதிவாதியின் நிலம் உள்ளது. 12-06-2024 அன்று காலை பிரதிவாதி இரண்டு ஆட்களுடன் வந்து வடபுற எல்லைக் கற்களைப் பிடுங்க முயன்றார். வாதியும் பக்கத்து நிலத்துக்காரரும் தடுத்ததால் பிரதிவாதி திரும்பிச் சென்றார். போகும்போது அறுவடை முடிந்ததும் வந்து வேலி போடுவேன் என்று சொல்லிச் சென்றார்."

பாருங்க, திட்டு ஒண்ணு கூட இல்ல. ஆனா இதைப் படிச்சா யாரு சாட்சி, எந்த டாக்குமெண்ட் மார்க் பண்ணணும், எதிர்தரப்பு எதை மறுக்கணும், எல்லாம் தெரியுது. அறுவடை முடிஞ்சதும் வருவேன்னு சொன்னதுலதான் அவசரமே இருக்கு, இடைக்கால மனுவோட உயிரே அந்த வரிதான்.

இன்னொண்ணு, பிரதிவாதி நோட்டீஸ் பதில்ல "அது என் சொத்து"ன்னு டைட்டிலையே கிளப்பி, அதுக்கு கையில ஏதோ ஆதாரமும் வச்சிருந்தா வெறும் இன்ஜங்ஷன் மட்டும் கேட்டா பத்தாம போயிடலாம், விளம்புகையும், அதாவது சொத்து வாதியோடதுன்னு கோர்ட் அறிவிக்கணும்ங்கிறதையும், சேத்து கேக்கணும். 2008ல அனதுலா சுதாகர் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை தெளிவா பிரிச்சு சொல்லியிருக்கு, அதை ஒரு தடவை முழுசா படிங்க. பிரேயர், அதான் கோர்ட்கிட்ட என்ன வேணும்னு கேக்குற பகுதி, எழுதுறதுங்கிறது கடைசில ஒட்டுற வால் இல்ல, சங்கதியை எழுதறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணவேண்டியது.

கடைசிவருச_மாணவி:
அண்ணா, இதை எங்க வகுப்புல ஒருநாள் கூட யாரும் சொல்லல. நான் இதுவரைக்கும் வார்த்தை கனமா இருந்தாத்தான் நல்ல டிராஃப்ட்னு நெனச்சிட்டிருக்கிற பசங்களத்தான் பாத்திருக்கேன்.

கோர்ட்வாசல்:
ஜூனியர் தம்பி எழுதினது நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த கனமான வார்த்தையையும் சும்மா தள்ளிடாதீங்க. கட்சிக்காரன் காசு குடுத்து வந்திருக்கான், அவன் பிராதைப் படிச்சா தன் கோவம் அதுல இருக்கணும்னு பாப்பான். ஒரு வரியாச்சும் போட்டாத்தான் நம்ம மேல நம்பிக்கை வரும்.

முன்சிப்கோர்ட்_ஜூனியர்:
கட்சிக்காரர் கோவத்தை நாம ஆபீஸ்ல உக்கார வச்சு முழுசா கேட்டா போதும்ணா, பேப்பர்ல வேணாம். அந்த வரியை வச்சே குறுக்கு விசாரணைல "பணபலம்னு சொல்லியிருக்கீங்களே, என்ன ஆதாரம்"னு அதே கட்சிக்காரரை நிக்க வச்சு கேப்பாங்க, அவர் முழிப்பாரு.

கிளினிக்_டீச்சர்:
நான் ஒரு சட்டக் கல்லூரில இந்தப் பேப்பர் எடுக்கிறேன், அதனால காலேஜ்ல வராதுன்னு சொல்றதை ஏத்துக்க முடியல. வரும், ஆனா டிராஃப்டை யாராவது சிவப்பு பேனாவோட படிக்கணும். அது வாத்தியாருக்கு பெரிய வேலை, ஒரு வகுப்புல அறுபது பேர் இருந்தா பயிற்சிக்கு அறுபது டிராஃப்ட், அதை படிச்சு திருத்த நேரம் எந்த டைம்டேபிள்லயும் போடமாட்டாங்க. ரெக்கார்டு கலாச்சாரம் வந்ததுக்கு மாணவர்கள் சோம்பேறித்தனம் காரணம் இல்ல, இந்த நேரக் கணக்குதான் காரணம்னு நான் நம்புறேன்.

நான் பண்ற வழி ஒண்ணு சொல்றேன், வாத்தியார் இல்லாம நீங்களே நாலு பேர் சேந்தும் பண்ணலாம். மாதிரிப் படிவத்தை மூடி வச்சிடுவேன். ஒருத்தரை கட்சிக்காரரா உக்கார வச்சு கதை சொல்லச் சொல்லுவேன், ஜனங்க சொல்ற மாதிரியே, முன்னுக்குப் பின்னா, தேவையில்லாத சொந்தக்காரன் சண்டை எல்லாம் கலந்து. கேட்டு குறிப்பு எடுக்கிற வேலையிலயே பாதி டிராஃப்டிங் இருக்கு. வகுப்புல பாதிப் பேர் பிராது எழுதணும். அடுத்த வாரம் அந்தப் பிராதை மிச்சப் பாதிப் பேர் கைல குடுத்து எதிர்வழக்குரை, அதான் பிரதிவாதியோட பதில், எழுதச் சொல்லுவேன். அப்பதான் விளையாட்டு ஆரம்பிக்கும். தேதி போடாத பாராவை எதிர்தரப்பு எப்படி பிச்சு எடுக்குதுன்னு எழுதினவங்க கண்ணால பாப்பாங்க, அதுக்கப்புறம் வாழ்க்கைல தேதி விடமாட்டாங்க.

எதிர்வழக்குரை எழுதறவங்களுக்கும் பாடம் இருக்கு. "பிராதில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய்"னு மொத்தமா ஒரு வரி போட்டுட்டு போவாங்க. கட்டளை 8 விதி 3ம் 5ம் அதை விடாது, ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியா குறிப்பா மறுக்கணும், மறுக்காதது ஒப்புக்கொண்டதா எடுத்துக்கப்படும். அதனால பிராது பாரா ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒப்புக்கொள்றேன், மறுக்கிறேன், எனக்குத் தெரியாது, இந்த மூணுல எதுன்னு முதல்ல பென்சில்ல குறிக்கச் சொல்லுவேன், அதுக்கப்புறம்தான் எழுத்து.

அப்புறம் 1977ல அறிவந்தந்தம் வழக்குல நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னதை கட்டாயம் வகுப்புல படிக்க வைப்பேன். சாமர்த்தியமா டிராஃப்ட் பண்ணி வழக்கெழு மூலம் இருக்கிற மாதிரி ஒரு தோற்றத்தை உண்டாக்கியிருந்தா கோர்ட் அதை ஆரம்பத்துலயே கிள்ளி எறியணும்ங்கிறதுதான் சாரம், பிராதை ஆரம்பத்துலயே நிராகரிக்கிற கட்டளை 7 விதி 11 பத்தி பேசும்போதெல்லாம் இன்னிக்கும் அது வருது. நல்லா எழுதறதும் மறைச்சு எழுதறதும் வேற வேறன்னு பசங்களுக்கு இதைவிட தெளிவா காட்ட முடியாது.

நெல்லை_பத்திரம்:
எங்க அப்பா லைசென்ஸ் வாங்கின ஆவண எழுத்தர், ரிஜிஸ்தர் ஆபீஸ் எதுக்க உள்ள கடைலதான் நான் வளந்தேன், இப்ப நானும் சட்டம் படிக்கேன். கன்வேயன்சிங் பத்தி யாரும் பேசலியேன்னு வந்தேன். சொத்து விவரம் எழுதத் தெரியாம யாரும் பத்திரம் எழுதத் தெரியும்னு சொல்லப்பிடாது. காலேஜ் நோட்ல முன்பக்கம் எல்லாம் அழகா இருக்கும், ஷெட்யூல்ல வந்து "எக்ஸ் கிராமத்தில் உள்ள நிலம்"னு ஒரு வரில முடிச்சிருப்பாக. சண்டை வர்ற இடமே அங்கதான இருக்கு.

நாலு எல்லை எழுதுறதுல பெரிய பொறி ஒண்ணு உண்டு. பழைய பத்திரத்துல "தெருவுக்கும் மேற்கு, இன்னார் வீட்டுக்கும் வடக்கு"ன்னு வரும். அப்படின்னா தெரு நம்ம சொத்துக்கு கிழக்க இருக்குன்னு அர்த்தம், இன்னார் வீடு தெக்க இருக்கு. புதுசா எழுதுறவுக அதைப் பாத்து "மேற்கில் தெரு"ன்னு எழுதிருவாக, சொத்தே தலைகீழா திரும்பிரும். அப்பா எப்பவும் தாய்ப்பத்திரத்தை வச்சு வெள்ளத் தாள்ல ஒரு கட்டம் போட்டு நாலு பக்கமும் பேர் எழுதிப் பாத்துட்டுத்தான் புதுப் பத்திரத்துல எல்லை எழுதுவாவ. அப்புறம் கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடின்னு ரெண்டு பக்கமும் பெருக்கி மொத்த சதுரடியோட சரியா வருதான்னு பாக்கணும். சர்வே நம்பர் பழசா, உட்பிரிவு ஆனதா, பட்டால என்ன இருக்கு, வில்லங்கச் சான்றுல என்ன இருக்கு, எல்லாம் ஒரே நம்பர் சொல்லுதான்னு பாக்கணும். இதெல்லாம் முடிஞ்சாத்தான் "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்" எல்லாம்.

தமிழ்நாடு பதிவுத்துறை வெப்சைட்ல மாதிரி ஆவணங்கள் தமிழ்லயே இருக்கு, அதை எடுத்துப் படிங்க. ஆனா படிச்சுட்டு உங்க வீட்டு பத்திரத்தையே எடுத்து வச்சு ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. அதை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கடைசிவருச_மாணவி:
நெல்லை_பத்திரம், கட்டம் போட்டுப் பாக்கிறது சூப்பர். தான செட்டில்மெண்ட் பத்தியும் சொல்லுங்களேன், எங்க ஊர்ல பெரியவங்க பிள்ளைங்க பேருக்கு எழுதி வச்சிட்டு அப்புறம் நடுத்தெருவுல நிக்கிற கதை நெறைய கேள்விப்படுறேன்.

நெல்லை_பத்திரம்:
அது மனசு வலிக்கிற விசயம். கடைக்கு வர்ற வயசானவுக "பிள்ளை பாத்துக்கிடுவான், அதெல்லாம் எழுதாதிய, அவன் மனசு கஷ்டப்படும்"னு சொல்லுவாக. எழுதுறவன் அங்க உக்காந்து ரெண்டு நிமிசம் எடுத்து சொல்லணும். 2007 பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23வது பிரிவுல, அடிப்படை வசதியும் தேவைகளும் செஞ்சு குடுக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, வாங்கினவன் செய்யலன்னா, அந்தப் பத்திரத்தை ரத்துன்னு அறிவிக்கச் சொல்லி தீர்ப்பாயத்துல கேக்கலாம், நம்ம பக்கம் அது ஆர்டிஓ, வருவாய் கோட்டாட்சியர். அந்த "நிபந்தனையோட"ங்கிறதுதான் விசயம்.

கிளினிக்_டீச்சர்:
இதை நான் வகுப்புல பெரிய பயிற்சியா வைக்கிறேன், அதனால கொஞ்சம் சேர்க்கிறேன். 2022 டிசம்பர்ல சுதேஷ் சிக்காரா வழக்குல சுப்ரீம் கோர்ட், அந்த நிபந்தனையோட எழுதிக் குடுத்ததா நிரூபிக்கணும்னு இறுக்கமா சொன்னது. 2025 ஜனவரில ஊர்மிளா தீட்சித் வழக்குல, இது மூத்தவங்களுக்கு நல்லது செய்யறதுக்கான சட்டம், தாராளமா அர்த்தம் கொள்ளணும்னு சொல்லி தாய்க்கு சாதகமா தீர்த்தது. ஆனா எழுதுற நம்ம கைல பேனா இருக்கும்போது எந்த ஜட்ஜ் எப்படி அர்த்தம் பண்ணுவாருன்னு ஏன் அந்த அம்மாவை அலைய விடணும்? பத்திரத்துலயே தெளிவா எழுதிடலாம்: சாப்பாடு, உடை, தங்க இடம், வைத்தியம் இதெல்லாம் வாங்கறவர் செய்யணும்ங்கிற நிபந்தனைக்கு உட்பட்டு எழுதிக் குடுக்கிறேன், அந்த நிபந்தனையை ஒத்துக்கிட்டு அவர் ஏத்துக்கிட்டார்னு. ஆயுள்வரை குடியிருக்கிற உரிமையும் தனியா எழுதணும்.

இங்கயும் ஒரு பள்ளம் உண்டு. பெரியவங்களுக்குப் பாதுகாப்பா எழுதறோம்னு நெனச்சு "எனக்கு எப்போது விருப்பமோ அப்போது ரத்து செய்துகொள்வேன்"னு எழுதிடுவாங்க மாணவர்கள். சொத்து மாற்றச் சட்டம் 126வது பிரிவுப்படி கொடுத்தவர் வெறும் இஷ்டத்துக்கு ரத்து பண்ணலாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட தானம் அந்த அளவுக்கு செல்லாது. ரத்து ஆகிறதுக்கு காரணமான சம்பவம் கொடுத்தவரோட இஷ்டத்தைச் சாராததா இருக்கணும். "பராமரிக்கத் தவறினால்"ங்கிறது அப்படிப்பட்ட சம்பவம், "எனக்கு விருப்பமானபோது"ங்கிறது அப்படி இல்ல. ஒரே நோக்கம், ரெண்டு வாசகம், ஒண்ணு நிக்கும் ஒண்ணு விழும். இதை புரிஞ்சுக்கிட்ட மாணவி அதுக்கப்புறம் எந்தப் படிவத்தையும் கண்ணை மூடிட்டு காப்பி அடிக்க மாட்டா.

கிரிமினல்சைட்_கார்த்தி:
சிவில் ஆளுங்களே பேசிட்டிருக்கீங்க, நானும் வரேன். பழைய ரெக்கார்டை காப்பி அடிக்கிறதுல இப்ப உடனடி ஆபத்தே கிரிமினல் பக்கம்தான் இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்தாச்சு, ஆனா சுத்திட்டிருக்கிற ரெக்கார்டும் நெட்ல இருக்கிற படிவமும் பாதி இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான். பழசுல 438 முன்ஜாமீன், 439 ஜாமீன், 482 ஐகோர்ட்டோட உள்ளார்ந்த அதிகாரம், அதாவது எஃப்ஐஆர் ரத்து. புதுசுல 482தான் முன்ஜாமீன், 483 ஜாமீன், ரத்து மனு 528க்கு போயிடுச்சு. ஒரே நம்பர் வேற வேலை செய்யுது, அதனால படிவத்துல நம்பரை பாத்து மனப்பாடம் பண்ணா மாட்டிப்பீங்க. ஏஐ கிட்ட டிராஃப்ட் கேக்குற பசங்களுக்கும் இதேதான், அழகா வரும், பிரிவு பழசா இருக்கும்.

ஜாமீன் மனு நல்ல பயிற்சி, ஏன்னா சின்னது. குற்ற எண், ஸ்டேஷன், என்ன பிரிவு, எப்ப அரஸ்ட், எத்தனை நாளா உள்ள இருக்கார், விசாரணை எந்த கட்டத்துல இருக்கு, இவரை வெளிய விட்டா யாருக்கு என்ன ஆபத்துன்னு போலீஸ் சொல்லுது, அதுக்கு நம்ம பதில். இதுக்கு மேல தேவையில்ல. முன்னாடி போட்ட ஜாமீன் மனு இருந்தா அதோட விவரத்தையும் சொல்லணும், 2024 ஜனவரில குஷா துருகா வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தி சொல்லியிருக்கு. "மனுதாரர் நிரபராதி, பொய் வழக்கில் சிக்க வைக்கப்பட்டுள்ளார்"னு ஆரம்பிக்கிற வரியை விட, "மனுதாரர் பெயர் எஃப்ஐஆரில் இல்லை"ங்கிற வரி நூறு மடங்கு வலுவானது, அது உண்மையா இருந்தா.

கடைசிவருச_மாணவி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இந்த இழையை பிரிண்ட் எடுத்து ரெக்கார்டுக்குள்ள வைக்கப் போறேன். என் ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது, சட்டம் எழுதுறது பத்தி யாராவது?

தலைமைச்செயலக_ஓய்வு:
வணக்கம்மா. நான் அரசாங்கத்துல சட்ட வரைவு சம்பந்தமான வேலை பாத்து ஓய்வு பெற்றவன். உன் கேள்வியைப் பாத்து சந்தோசம், இதைக் கேக்குற பிள்ளைங்க குறைவு.

முதல்ல ஒரு விசயம் தெளிவா இருக்கணும். மசோதாவுல என்ன இருக்கணும்னு முடிவு பண்றது வரைவாளர் இல்ல. நிர்வாகத் துறை கொள்கையை முடிவு பண்ணி அனுப்பும், சட்டத் துறை அதை சட்ட வாசகமா ஆக்கும். ஆனா எழுத உக்காந்தாத்தான் கொள்கைல எத்தனை ஓட்டை இருக்குன்னு தெரியும், அப்ப வரைவாளர் கேள்வி கேட்டு திருப்பி அனுப்புவார். அந்தக் கேள்விகள்தான் எங்க வேலையோட சாரம். டெல்லில சட்டமியற்றல் துறைக்குக் கீழ சட்ட வரைவு மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்னு 1989ல இருந்து இருக்கு, அரசு அதிகாரிகளுக்கு பயிற்சி தருது, சட்ட மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப்பும் உண்டு. முயற்சி பண்ணிப் பாரு.

படிக்கணும்னா நம்ம மாநிலத்துலயே அருமையான பாடம் இருக்கு, ஆன்லைன் சூதாட்டச் சட்டம். 1930 சூதாட்டச் சட்டம் திறமை மட்டுமே உள்ள விளையாட்டுகளை விட்டு வச்சிருந்தது. 2021ல செஞ்ச திருத்தம் அதை மாத்தி, வெறும் திறமை விளையாட்டா இருந்தாலும் பணம் வச்சு ஆடினா குற்றம்னு கொண்டு வந்தது. 2021 ஆகஸ்ட்ல சென்னை ஐகோர்ட் அந்தத் திருத்தத்தை செல்லாதுன்னு சொல்லிடுச்சு, வலை அளவுக்கு மீறி அகலமா விரிச்சிருக்குங்கிறது முக்கியக் காரணம். அப்புறம் 2022ல புதுச் சட்டம், அதுல அதிர்ஷ்ட விளையாட்டுக்குத் தனி வரையறை, அட்டவணைல ரம்மி போக்கர் பேரை நேரடியாப் போட்டாங்க, 2023 ஏப்ரல்ல ஒப்புதல் கிடைச்சது. 2023 நவம்பர்ல ஐகோர்ட் சட்டத்தை நிக்க விட்டு, ரம்மியும் போக்கரும் அட்டவணைல இருக்கிறதை மட்டும் எடுத்துடுச்சு. 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டம் வந்தது, அது திறமையா அதிர்ஷ்டமான்னு பாக்கிற சண்டையையே விட்டுட்டு, எதுவா இருந்தாலும் பணம் கட்டி பணம் ஜெயிக்கிற எதிர்பார்ப்போட ஆடினா அது ஆன்லைன் பண விளையாட்டுன்னு வரையறுத்தது. மூணு வரையறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படி. குடும்பம் குடும்பமா கடன்ல விழுந்து உயிரை விட்ட பிரச்சினை அது, எல்லாத்துலயும் நோக்கம் ஒண்ணுதான். எந்தக் கொக்கியில சட்டத்தை மாட்டுறாங்கங்கிறதுதான் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கு.

சரி, உனக்கு ஒரு பயிற்சி. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டில ரெண்டு வயசுக் குழந்தை ஆழ்துளைக் கிணத்துல விழுந்து இறந்துச்சே, மறந்திருக்க மாட்டே. அதுக்கு முன்னாடியே 2010ல சுப்ரீம் கோர்ட் வழிகாட்டுதல் இருந்தது, தோண்டறதுக்கு 15 நாள் முன்னாடி எழுத்துல தகவல் குடுக்கணும், சுத்தி வேலி போடணும், குழாய் வாயை இரும்புத் தகடு வச்சு வெல்டு பண்ணணும், கைவிட்ட கிணத்தை அடியில இருந்து தரைமட்டம் வரை நிரப்பணும்னு. 2015ல நம்ம ஊராட்சிகளுக்கு விதிகளும் வந்தது. அதையெல்லாம் பாக்காம, நீயே "கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு"க்கு ஒரு வரையறையும், மூடணும்ங்கிற கடமைக்கு ஒரு பிரிவும் எழுதி இங்க போடு.

கடைசிவருச_மாணவி:
சார், முயற்சி பண்ணியிருக்கேன்.

"2. 'கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு' என்பது பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணறு எனப் பொருள்படும்.
3. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் அனைத்தும் உடனடியாகவும் பாதுகாப்பாகவும் மூடப்பட வேண்டும். தவறினால் தண்டனை விதிக்கப்படும்."

தலைமைச்செயலக_ஓய்வு:
நல்லது, துணிஞ்சு எழுதியிருக்கே. இப்ப நான் அந்த நிலத்துக்காரரோட வக்கீல்னு வச்சுக்க.

என் கட்சிக்காரர் கோடைல தண்ணி வத்தினதால மோட்டாரைக் கழட்டி வச்சிருக்கார், மழை வந்ததும் மாட்டுவார். இது பயன்பாட்டில் இல்லாததா? இன்னொருத்தர் 600 அடி போட்டும் தண்ணி வரல, அப்படியே விட்டுட்டார். அது ஒருநாளும் பயன்பாட்டுக்கே வரலயே, அப்ப "பயன்பாட்டில் இல்லாத"ங்கிறதுல சேருமா சேராதா? நான் ரெண்டு பக்கமும் வாதாடுவேன். அதனால ரெண்டு நிலைமையையும் பிரிச்சு எழுதணும், தோண்டி நீர் கிடைக்காம விட்டது ஒண்ணு, தொடர்ந்து இத்தனை மாசம் நீர் எடுக்கப்படாதது ஒண்ணு.

அடுத்தது "மூடப்பட வேண்டும்". யாரு மூடணும்? நிலத்துக்காரரா, குத்தகைக்காரரா, ரிக் வண்டிக்காரரா, ஊராட்சியா? உன் பிரிவுல எழுவாயே இல்ல. எழுவாய் இல்லாத கடமைக்கு யாரையும் தண்டிக்க முடியாது. தோண்டினவர் தளத்தை விட்டுப் போறதுக்கு முன்னாடி வாயை மூடணும், அது ஒரு கடமை ஒருத்தருக்கு. உடமையாளர் கைவிட்ட கிணத்தை நிரப்பணும், அது வேற கடமை வேறொருத்தருக்கு. அவர் செய்யலன்னா ஊராட்சி நிரப்பிட்டு செலவை அவர்கிட்ட வசூல் பண்ணலாம், இது மூணாவது. மூணும் தனித்தனி உட்பிரிவு.

"உடனடியாக"ன்னா எத்தனை நாள்? நாள் போடு. "பாதுகாப்பாக"ன்னா எப்படி? எதை வச்சு, எந்த மட்டம் வரைக்கும்னு விதிகள்ல சொல்லலாம், ஆனா விதி செய்யற அதிகாரத்தை சட்டத்துல குடுத்திருக்கணும். "தண்டனை விதிக்கப்படும்"னா யாரு விதிப்பா, அதிகபட்சம் எவ்வளவு?

இதையெல்லாம் விட பெரிய கேள்வி ஒண்ணு. அந்தக் குழந்தையைக் காப்பாத்தணும்னா ஆபத்து எதுல இருக்கு? கிணறு கைவிடப்பட்டதாங்கிறதுலயா, வாய் திறந்து கிடக்குதாங்கிறதுலயா? ஓடுற கிணறா இருந்தாலும் மூடி இல்லன்னா ஆபத்துதான். அப்ப மூடி வைக்கிற கடமை எல்லா ஆழ்துளைக் கிணத்துக்கும், நிரப்புற கடமை கைவிட்டதுக்கு மட்டும்னு பிரிச்சா உன் வரையறைச் சண்டையே பாதி குறைஞ்சிடும். வார்த்தையைச் செதுக்கறதுக்கு முன்னாடி இதை யோசி.

கிளினிக்_டீச்சர்:
சார், இதை அப்படியே என் வகுப்புக்கு எடுத்துக்கலாமா? சட்டப் பொருள்கோள் பேப்பரையும் இதையும் தனித்தனியா நடத்துறோம், அங்க வாசகத்தை எப்படி உடைக்கிறதுன்னு படிக்கிறாங்க, இங்க எழுதறாங்க, ரெண்டும் ஒரே மேசைல உக்காரவே இல்ல.

தலைமைச்செயலக_ஓய்வு:
தாராளமா எடுத்துக்கங்கம்மா.

கோர்ட்வாசல்:
சார் கேட்ட கேள்வியைப் படிச்சதுக்கப்புறம் நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். இது சீனியர் ஆபீஸ்ல கூட கிடைக்காது. தங்கச்சி, திருத்தி எழுதிப் போடு, நாங்களும் படிக்கிறோம்.

கடைசிவருச_மாணவி:
இதோ சார், கடமைப் பிரிவு மட்டும் திரும்ப எழுதியிருக்கேன்.

"3. (1) ஆழ்துளைக் கிணறு அமைந்துள்ள நிலத்தின் உடமையாளர், அக்கிணற்றின் வாயை எப்போதும் விதிகளில் குறிப்பிட்ட வகையில் மூடி வைத்திருக்க வேண்டும்.
(2) ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒவ்வொருவரும், தளத்தை விட்டு நீங்கும் முன் அதன் வாயை மேற்சொன்ன வகையில் மூட வேண்டும்.
(3) கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றின் உடமையாளர், அது கைவிடப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் அதை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும்."

ஒரு சந்தேகம். சட்டம் வர்றதுக்கு அஞ்சு வருசம் முன்னாடியே கைவிட்ட கிணறுன்னா அந்த முப்பது நாள் எப்பவோ முடிஞ்சிருக்குமே. அவரை சட்டம் வந்த அன்னிக்கே குற்றவாளி ஆக்கிடுதா?

தலைமைச்செயலக_ஓய்வு:
அருமைம்மா, இந்தச் சந்தேகம் உனக்கே வந்துச்சு பாரு. செஞ்ச சமயத்துல குற்றமா இல்லாததுக்கு பின்னாடி வந்த சட்டத்தை வச்சு தண்டிக்கக் கூடாதுன்னு அரசியல் சாசனம் 20(1) சொல்லுது, உன் (3) அந்த இடத்துல போய் முட்டும். அதுக்கு (4)ன்னு ஒண்ணு சேர்: இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே கைவிடப்பட்ட கிணறாக இருந்தால், (3)-ல் கண்ட முப்பது நாட்கள் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து கணக்கிடப்படும். அப்ப பழைய செயலுக்கு தண்டனை இல்ல, புது காலக்கெடுவுக்குள்ள நிரப்பாம விட்டதுக்குத்தான் தண்டனை. அதோட (1)லயும் குத்தகைக்கு விட்ட நிலத்துல உடமையாளர் வெளியூர்ல இருந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சு, "உடமையாளர்"க்கு 2வது பிரிவுல ஒரு வரையறை எழுதிட்டு வா. அனுபவத்துல இருக்கிறவரையும் அதுக்குள்ள கொண்டு வரலாமாங்கிறதை நீயே முடிவு பண்ணு, ஏன் அப்படி முடிவு பண்ணேங்கிறதையும் சேத்து எழுது.